இலை கொட்டுவதற்குள்

கயல் ஒரு ஊசியிலையைக் கிள்ளி, வெண்டைக்காய் நுனியை உடைப்பதுபோல் கட்டைவிரலால் மடக்கினாள். டக்கென்று ஒடிந்தது.

நல்ல மரம்தான்.

"இதுக்குப் பேரு ஃப்ரேசர் ஃபர். வெட்டின பிறகும் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா பொங்கல் வரைக்கும்கூட நிக்குமாம். இதையே வாங்கிக்கலாமா குட்டி?"

வெண்பா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு கிளையைப் பிடித்து உலுக்கினாள். ஒரு இலைகூட விழவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தாள்.

குளிர்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டு கயல் பின்னாலேயே போனாள்.

போன வருஷம் இதே கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்தில் கணவன் மதனும் கூட இருந்தான். வந்த வேகத்தில் ஒரு மரத்தை மோந்து பார்த்து, "ஆரஞ்சுத் தோல் வாசனை, இதான்" என்று காரின் மேல் தூக்கிப்போட்டுவிட்டான். தீபாவளிக்குக் கட்டிய சீரியல் பல்பையே அதற்கும் சுற்றினான். கொலுப் பெட்டியிலிருந்து செட்டியாரும் செட்டியாரம்மாவும் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

இந்த வருஷம் தங்கை கல்யாணத்துக்கென்று ஈரோடு போனான். வெண்பாவுக்கு ஸ்கூல் இருந்ததால் இவர்கள் இருவரும் போகவில்லை. கல்யாணம் முடிந்து, திரும்பி வருவதற்கான விசா ஸ்டாம்பிங்குக்காகத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். அது இன்னும் அவன் கைக்குத் திரும்பி வரவில்லை.

அப்பா எப்போது வருவார் என்று முதல் தடவை கேட்டபோது, வாசல் மேப்பிள் மரம் சிவக்கும்போது என்றாள் கயல். மேப்பிள் சிவந்து, உதிர்ந்து, மொட்டையாகவும் நின்றது.

அடுத்து, முதல் பனி விழும்போது என்றாள். அதுவும் விழுந்துவிட்டது.

மூன்றாம் தடவை சொன்னதுதான் இது. நாம் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வாங்கி வைப்போம், அதன் இலை எல்லாம் கொட்டுவதற்குள் அப்பா வந்துவிடுவார்.

இன்று காலை போனில் மதன் கேமராவை ஆன் செய்யவில்லை. பிப்ரவரிக்கு முன்னால் வர முடியும் என்ற நம்பிக்கை இல்லை என்று மட்டும் சொன்னான். அதை வெண்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் கயல் காரை எடுத்தாள்.

டக்ளஸ் மரம் மூன்று நாலு வாரம்தான் தாங்கும். நீல ஸ்ப்ரூஸ் கையைக் குத்தியது. ஃப்ரேசரை விட்டால் வழியில்லை. அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரைக் குறைத்து, வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்துவிடலாம். பிப்ரவரி வரை இழுக்க முடியாதா என்ன.

"அம்மா, ஃபவுண்ட் இட்!"

வேலியோரத்தில், யாரும் சீண்டாத ஒரு பால்சம் மரம் சாய்ந்து கிடந்தது. வெண்பா அதை உலுக்கிக்கொண்டிருந்தாள். பச்சை மழைபோல் இலைகள் அவள் பூட்ஸ்மேல் கொட்டின. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கயலுக்கு நினைவில்லை.

"ஐயோ, இது வெட்டி ரொம்ப நாளாச்சும்மா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ளயே பாதி கொட்டிடும்."

"ஐ நோ. அதான் இது." இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள் வெண்பா. "அந்த மரம் ஸோ ஸ்லோ. இது சீக்கிரம் கொட்டும். அப்போ அப்பா அதுக்கு முன்னாடியே வந்துடணும், இல்ல?"

கயல் தோட்டக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, அதே விலைக்கு வேறு நல்ல மரம் தருவதாகச் சொன்னார். கயல் தலையசைத்து மறுத்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் தடதடத்துக்கொண்டிருந்த மெஷினை நோக்கி நடந்தார். வலையில் சுற்றுவதற்கு முன், தளர்ந்த இலைகளை எல்லாம் குலுக்கி உதிர்த்துவிடும் மெஷின் அது.

கயல் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

குலுக்க வேண்டாம் என்றாள். வலையும் வேண்டாம். கார் மேல் கட்டினால் காற்றடிக்கும், உள்ளேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள். பின் சீட்டில் பாதியை மடக்கி, தன் கோட்டைக் கழற்றி விரித்து, தோட்டக்காரரும் அவளுமாக மெதுவாக மரத்தைப் படுக்க வைத்தார்கள். மீதிப் பாதியில் வெண்பா ஏறி உட்கார்ந்து, கிளையொன்றைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள்.

கதவைச் சாத்தும்போது கயல் குனிந்து பார்த்தாள். காரடியில் இலை நிறைய கொட்டியிருந்தது.

ஜன்னல் வழியாக வெண்பா எட்டிப் பார்ப்பதற்குள், காலால் பனியை இழுத்து அதன் மேல் மூடினாள்.