மூன்று தோட்டத்துக் காவல்

மடுல்சீமை ஏற்றத்தில் மாடுகள் நின்றுவிட்டன.

வண்டியில் ஒரு பீப்பாய். அதைச் சுற்றி மூன்று தேயிலைத் தோட்டத்து ஆட்கள், கையில் தடியோடு.

சூயஸ் கால்வாய் அடைபட்டதில் எண்ணெய்க் கப்பல் வரவில்லை. மலையெங்கும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. போன தடவை காமில் முதலாளியின் கடைக்கு வந்த பீப்பாயை மூன்று தோட்டமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பாதி எண்ணெய் தெருவோரச் சாக்கடைக் கானில் ஓடியது.

“எல்லா நாடும் சேர்ந்து கப்பலுக்குக் காவல் போடக் கதைக்கினம். நீங்கள் மூண்டு தோட்டமும் சேர ஏலாதோ?” என்று பேப்பரை மடித்தபடி கேட்டார் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் பரமலிங்கம்.

இராமையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மகள் பாக்கியலெட்சுமிக்கு வேறு நிறைமாதம். விளக்கில்லாத லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் பிரசவம் நடந்தால் என்னாவது?

இந்தத் தடவை வரும் பீப்பாய்க்குக் காவலாக அவரே முன்னின்று ஆள் சேர்த்தார். முரட்டு ஆட்களாகப் பார்த்துக் கூட்டிப்போகச் சொன்னவள் மனைவி இராக்கம்மா.

பசறை டவுனில் வண்டி கிளம்பியதிலிருந்து சண்டைதான். யார் முன்னால் நடப்பது? யார் பீப்பாயைத் தொடலாம்?

மாடுகள் மறுத்ததும் தடிகளைப் போட்டுவிட்டு எல்லாரும் தோள் கொடுத்தார்கள். இராமையாவின் சட்டை முதுகில் கிழிந்தது. அட்டை கடித்த காலில் இரத்தம் வழிந்தது.

பொழுது சாயும் நேரம் கடைசி வளைவில் திரும்பினார்கள்.

எதிர்ச்சரிவில் லயம் லயமாக விளக்கு எரிந்தது. இராமையாவின் வீட்டிலும்.



இராமையா ஓடினார். வாசலில் காமிலின் மனைவி றஷீனா கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் காலியான பால் டின்கள். உள்ளே பச்சைக் குழந்தையின் அழுகை.

“றஷீனா பால் டின்னுல ஊத்தி பஸ்ஸுலயே எண்ணெய் கொண்டாந்துட்டாங்க. மூணு தோட்டத்துக்கும் போத்தல் போத்தலாப் பங்கு வச்சாச்சு. உங்களுக்குப் பேத்தி பொறந்திருக்கா,” என்றாள் இராக்கம்மா.

“அப்ப பீப்பாயில?”

“தண்ணிங்க.”

இராமையா தோள்பட்டையைத் தடவிக்கொண்டார்.

“பின்ன எங்கள எதுக்குடி காவலுக்கு அனுப்புன?”

“சண்டக்காரவுக எல்லாம் அங்கிட்டு இருந்தாத்தானே, இங்கிட்டு எண்ணெய் சிந்தாம இருக்கும்?”