பெட்டியை விடுங்க!

“பயணியைக் கன்னத்துல அறைஞ்சியா, இல்லையா?”

“அறைஞ்சேன் சார்,” என்றாள் விமானப் பணிப்பெண்.

மேலாளர் மேஜையைத் தட்டினார். “கொஞ்சமாவது வருத்தம் இருக்கா பாரு!”

“எதுக்கு சார் வருத்தப்படணும்?”

அவளுக்கு ரத்தம் கொதித்தது. போன வாரம் இரண்டு இன்ஜினும் நின்றுபோய் விமானம் கடலில் இறங்கியபோது, கதவருகே நின்று கத்தியதில் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. இடது கை கட்டுப் போட்டுத் தொங்கியது. வந்தவர்கள் அத்தனை பேரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குக் கிடைத்த பரிசு இந்த விசாரணை.

“முழங்கால் வரைக்கும் தண்ணி சார். பின்னால ஒருத்தி கைக்குழந்தையோட நிக்கிறா. அந்தப் பெரிய மனுஷன் வழியை அடைச்சுக்கிட்டு மேலேயிருந்து பெட்டியை உருவுறார். பெட்டியை விடுங்கன்னு கத்தினேன், கெஞ்சினேன். ‘உள்ள லேப்டாப் இருக்கு’ங்கறார். பளார்னு ஒண்ணு விட்டேன். பெட்டி கீழ விழுந்துச்சு. ஆளைப் பிடிச்சு வெளியே தள்ளினேன்.”

“பயணி மேல கை வைக்க நீ யாரு? மன்னிப்புக் கேளு. இல்லைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே.”

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனாலும் மன்னிப்பு வாயில் வர மறுத்தது.

“அடிக்கச் சொல்லி யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தா?”

“இதோ, உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரே, அவர்தான்!”

நிறுவனத்தின் பாதுகாப்புப் பயிற்சியாளர், பல்வலிக்காரரைப் போலக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் அவர்களுக்கு வகுப்பெடுக்கிறவர். இன்று வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“‘பெட்டிக்காக நிக்கிறவன், பின்னால இருக்கறவங்களைக் கொல்றான். முதல்ல கத்து. கேக்கலைன்னா அடி. அவன் எப்பேர்ப்பட்டவனா இருந்தாலும் அடி.’ நீங்க சொன்னதுதானே சார்? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!”

மேலாளர் திரும்பினார். “நிஜமாவே அப்படிச் சொன்னீங்களா?”

பயிற்சியாளர் நெளிந்தார். கன்னத்திலிருந்து கை மெல்ல இறங்கியது.

“சொன்னேன்தான்… ஆனா அது மத்த பயணிங்களை அடிக்கச் சொன்னது. சொல்லிக்கொடுத்த என்னையேவா அறைவா?”