வடத்தில் ஒரு கை

பெடாஸ் தோட்டத்துத் தேர்வடத்தை முதல் ஆளாகப் பிடித்தார் சங்கத் தலைவர் தவநேசன். இன்னொரு கையில் மைக்.

"கொஹீஷன்! லத்தீன்லேர்ந்து வந்த சொல்லு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிறதுன்னு அர்த்தம். இழுங்க!"

பின்னால் அத்தனை பேரும் வடத்தைப் பிடித்திருந்தார்கள். தேர் அசையவில்லை.

"சக்கரம் சேத்துல மாட்டிக்கிச்சு. டிராக்டர் கொண்டாங்க லா!"

"சக்கரம் நல்லாத்தான் இருக்கு, தலைவரே," என்றாள் வடம் பிடித்திருந்த மங்கம்மா. "வீட்டைக் காலி பண்ண யாரும் கையெழுத்துப் போடாதீங்க, ஒட்டி நில்லுங்கன்னு அன்னிக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னீங்க. மறுநாளே நீங்க போட்டுட்டு, அம்பாங்கான்ல புது வீட்டுக்குப் போயிட்டீங்க. எங்க லயத்து வீடுங்கள இடிச்சுத் தள்ளிட்டாங்க. இன்னிக்கு நாங்க ஒட்டி நிக்கிறோம். கைய எடுங்க."

தவநேசன் வடத்தை விட்டார்.

தேர் நகர்ந்தது.