மூன்று பிளஸ்

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சிஸ்டர் அட்டையை நீட்டினாள்.

முத்துச்செல்வம் வாங்கினான். மேசையை விட்டு நகரவில்லை.

பக்கத்தில் உமாராணி, எட்டு மாத வயிற்றோடு, செருப்புக்குள் அடங்காத கால்களோடு. அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. துணைக்கு வர அக்காள் புருஷன் இவன்தான் உண்டு.

"டாக்டரம்மா இதப் பாத்தாவளா?"

"எல்லாம் நார்மல்தான். உப்பக் குறைக்கச் சொல்லுங்க. அடுத்த ஆளு யாரு?"

அவன் அட்டையைத் திரும்ப மேசையில் வைத்து விரலை ஊன்றினான். பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. அதன் கீழே ஆல்புமின். அதற்கு நேரே மூன்று பிளஸ், நீல மையில், கோணாமல் நெளியாமல்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான்."

"எழுதுனத வாசிக்கதுக்கு வேற ஆளு வரணுமோ?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "பரீட்சப் பேப்பர் திருத்த வந்துட்டாரு" என்றாள் ஒருத்தி.

சிஸ்டருக்கு முகம் கடுத்தது. "நீங்க என்ன டாக்டரா?"

"ஹார்பர்ல கிளார்க்கு. மூத்திரத்துல புரதம் போகுது, பிரஷரும் ஏறிக் கெடக்கு. ரெண்டும் சேந்தா வலிப்பு வரும். ரெண்டு வாரம் கழிச்சு நான் யாரக் கூட்டிட்டு வரணும்னு சொல்லுதிய?"

உமாராணி அவன் சட்டையை இழுத்தாள். "அத்தான், எல்லாரும் பாக்காவ. வாங்க, போவோம்."

"சும்மா இரு, ஏளா!"

அந்தச் சத்தத்துக்கு உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். குனிந்து, உமாராணியின் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். விழுந்த குழி எழவில்லை.

அதன்பிறகு இரண்டு வாரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சக்கர நாற்காலி வந்தது. ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு சிஸ்டரே முன்னால் ஓடினாள்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று டாக்டரம்மா போகிற போக்கில் கேட்டார்.

அவன் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நடந்தான்.

போன ஆவணியில் அவன் மனைவி, உமாராணியின் அக்காள் இந்துமதியின் அட்டையிலும் மூன்று பிளஸ்தான். கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் பிடித்துவிடுகிறவன், பிளஸ் என்றால் நல்லது என்று வாசித்தான். "ஏளா, மூணு பிளஸ்! புள்ள இப்பமே டிஸ்டிங்ஷன்" என்று அவளைச் சிரிக்கவைத்து, வீட்டுக்கு வரும் வழியில் அரைக்கிலோ முந்திரி மக்ரூன் வாங்கினான்.

நாலாம் நாள், அவள் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்களின் பிள்ளைகள் மீதியைத் தின்று தீர்த்தன.