தெரியாத பக்கம்

ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரனான டொபியாஸுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சம்பளம் கிடைத்ததே எதிரணிக்காரர்களை இடித்துத் தள்ளுவதற்கும், தேவைப்பட்டால் அடித்து வீழ்த்துவதற்கும்தான். அன்று அணி இரண்டு கோல் பின்தங்கியதும் பயிற்சியாளர் அவன் தோளைத் தட்டி, எதிரணியின் முரடன் ஹல்வரைக் காட்டினார். டொபியாஸ் பனித்தரையில் சறுக்கிப் போய் ஹல்வரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

"இடது பக்கமா வராதே," என்றான் ஹல்வர், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அந்தக் கண்ணு தெரியல."

"எப்போலேர்ந்து?"

"போன குளிர்காலத்துலேர்ந்து."

போன குளிர்காலத்தில் அந்தக் கண்மேல் இறங்கியது டொபியாஸின் முஷ்டிதான்.

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா நாளைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்ப சும்மா விட்டுட்டுப் போனா உன்னையும் அனுப்பிடுவாங்க. கையுறையக் கழட்டு, சண்டையத் தொடங்கு."

பின்னால் பயிற்சியாளர் தடுப்புப் பலகையை ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். டொபியாஸ் அரைவட்டமாகச் சறுக்கி, ஹல்வரின் வலது கண்ணுக்கு நேராக வந்து நின்றான். அதற்குப் பிறகுதான் கையுறைகளைக் கழற்றிப் போட்டான். தலைக்கவசத்தையும் கழற்றினான்.

"முதல்ல நீ அடி," என்றான்.