மலை ஏறாத வண்டி

"எவ்ளோ மிதிச்சாலும் ஏற மாட்டேங்குது தம்பி. இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரல. மொத வளைவுலயே திருப்பிக்கினு வந்துட்டேன்."

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குப் போகும் சாலையோரம் இருந்த ஒர்க்‌ஷாப் முன்னால் காரை நிறுத்திவிட்டு, அமிர்தம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் சுபாஷ் காரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"மலைக்கா போனீங்க? அய்யா வரலையா?"

"அவரு உளுந்தூர்பேட்டைக்குத் துக்கத்துக்குப் போயிருக்காரு. அவரு வரதுக்குள்ள நான் போய்ட்டு வந்துடணும். சீக்கிரம் பாருப்பா."

பின் சீட்டில் ஒரு துணிப்பை. அதற்குள் சின்னச் சின்னச் சட்டைகளும் ஒரு ஜோடி வசம்பு வளையலும் இருந்தன.

மகள் அபிநயா கரியாலூர்ப் பையனைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "என் வூட்டு ஆளு யாராவது அந்த மலைமேல கால வச்சா, அப்பிடியே அங்கியே இருந்துக்க வேண்டியதுதான்" என்று அமிர்தத்தின் கணவர் ராமசாமி பங்காளிகளைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப் பையில். பஸ்ஸில் போகலாமென்றால் பங்காளிகளில் ஒருவராவது அதில் உட்கார்ந்திருப்பார். மகளுக்குக் குழந்தை பிறந்ததே, சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அமிர்தத்துக்குத் தெரியும்.

மிச்சமிருந்தது இந்தக் கார் ஒன்றுதான். டிராக்டரிலிருந்து விழுந்ததில் ராமசாமிக்கு இடது முழங்கால் மடங்காமல் போனதால், கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடி வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக். அமிர்தமும் அதில்தான் ஓட்டப் பழகினாள். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் ஒழுங்காகத்தான் போய் வந்தது.

சுபாஷ் பானட்டைத் தூக்கிக் குனிந்தான். ஒரு கம்பியை விரலால் சுண்டினான். அது தொய்ந்து ஆடியது.

"இதாம்மா. நீங்க ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜினு வேகம் எடுக்குது இல்ல, அந்த எடத்துலேர்ந்து இந்த கேபிள் கியர்பாக்ஸுக்குப் போவுது. கால் எவ்ளோ அழுத்துதுன்னு கியர்பாக்ஸுக்குச் சொல்றது இதான். இது லூசா கெடந்தா, நீங்க உயிரக் குடுத்து மிதிச்சாலும் அது, 'அந்தம்மா சும்மா கால வச்சிக்கினு இருக்குது'ன்னு நெனைச்சிக்கும். எடுத்ததுமே பெரிய கியருக்குப் போயிடும். சின்ன கியருக்கு எறங்கவே எறங்காது. உள்ள வழுக்கும்."

"அப்ப கீழ மட்டும் எப்படி ஓடுது?"

"சமதளத்துல பாரம் கம்மி, தெரியாது. மேட்டுல ஏத்துனாத்தான் தெரியும். இன்னும் ரெண்டு வளைவு ஏத்தியிருந்தீங்க, கியர்பாக்ஸே தீஞ்சிருக்கும்."

"தானா லூசாச்சா? எலி கிலி கடிச்சிடுச்சா?"

சுபாஷ் துடைக்க ஒன்றுமில்லாத ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான்.

"உன்னத்தாம்பா கேக்கறேன்."

"யார்கிட்டயும் சொல்லாதன்னாரும்மா..."

"யாரு?"

அவன் தரையைப் பார்த்தான். அமிர்தத்துக்குப் புரிந்துவிட்டது.

"அவரா?"

"பொண்ணு போன சமயம். 'வூட்டுக்காரி வண்டி ஓட்டப் பழகிக்கிச்சி, எந்நேரம் மலைக்குக் கெளம்பும்னு தெரியல, கீழ ஓடற அளவுக்கு வச்சிட்டு மேல ஏறாதபடி பண்ணி வுடு'ன்னாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல."

அமிர்தம் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். போன மாதம்கூட, 'ஒரே ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க' என்று அவள் கெஞ்சியபோது, 'வண்டிக்கு வயசாயிடுச்சி, மலை ஏறாது' என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பெத்தவள கட்டிப் போட ஒரு கம்பி போதும்னு நெனைச்சிட்டாரா? மனுசனா அவரு? பச்சப் புள்ள மொகத்தப் பாக்காம இருக்கறதுக்கு நெஞ்சுல இன்னா கல்லா வச்சிருக்காரு? நீ டைட் பண்ணு. நான் மேல போறேன். திரும்பி வர வேணாம்னா வரல. பொண்ணுகூடவே இருந்துக்கறேன். இனிமே அந்த ஆளு மொகத்துலயே முழிக்க மாட்டேன்."

சுபாஷ் கேபிளை இழுத்துப் பிடித்து நட்டை முடுக்கினான். நட்டு சுற்றியது; நிற்கவில்லை. மறுபடி முடுக்கினான். மறுபடியும் வழுக்கியது.

"மரை தேஞ்சி போச்சும்மா. நிக்காது. வேற கேபிள்தான் போடணும். பழசு ஒன்னு நல்லதா உள்ள கெடக்குது, மாட்டித் தரேன்."

அமிர்தத்துக்கு இருந்த கோபமெல்லாம் அவன் பக்கம் திரும்பியது.

"ஒரே ஒரு தபா லூஸ் பண்ணதுக்கு மரை தேஞ்சிடுமா? இன்னா வேலப்பா செய்யறீங்க நீங்க? அவரு சொன்னாருன்னு கண்டபடி முறுக்கித் தொலைச்சியா?"

சுபாஷ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னா வேணா சொல்லுங்க, என் வேலையக் கொற சொல்லாதீங்கம்மா! வாராவாரம் காலைல வந்து, 'மலைக்குப் போவணும், டைட் பண்ணு'ன்றாரு, சாயங்காலம் எறங்கி வந்து, 'வூட்டுக்குப் போவணும், லூஸ் பண்ணு'ன்றாரு, எந்த மரைதான் தாங்கும்? போன வியாழக்கெழமகூட, பேத்தி குப்புற வுழுந்துட்டாளாம், இங்க இருந்த அத்தன பேருக்கும் லட்டு குடுத்துட்டுப் போனாரு!"