தம்பி கை கழுவுகிறான்

சூளை வாசலில் வெயில் சாய்ந்து விழுகிறது. வீடு கட்டத் தொடங்கியிருக்கும் தம்பி, அக்கா வேலை பார்க்கும் இடத்துக்குக் கல் பார்க்க வந்திருக்கிறான். இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுகிறான். ணங்கென்று வெண்கலம்போல ஒலிக்கிறது. "அக்கா, கல்லுன்னா இதுதான் கல்லு! எந்த மண்ணு?" அவளுக்குப் பொய் வராது. "முக்கால்வாசி களிமண்ணு. மீதி, சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்றப்போ அடியில தங்குற கசடு. ஆயிரம் டிகிரியில வெந்ததுடா, ஒண்ணும் மிஞ்சாது." செங்கல் அவன் மூக்குவரை போகிறது. யார் வந்தாலும் அப்படித்தான் போகும். வாடை ஏதுமில்லை, முகம் மட்டும் சுருங்கிவிடுகிறது. கல்லைப் பச்சைக்குழந்தையைப்போல மெல்லக் கீழே வைக்கிறான். "கல்லுல ஒரு குறையும் இல்லக்கா. வீட்டுல அவதான் ஒத்துக்க மாட்டா." இங்கே இல்லாதவள் தலையில் பழி விழுகிறது. அக்கா தலையாட்டுகிறாள். அவளுக்குப் பின்னால், ஆறு மாதமாக விலைபோகாத கற்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. தம்பி குழாயடிக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டியபடி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுகிறான். செந்தூசி கலந்த நுரை சாக்கடையில் இறங்குகிறது. இன்னும் பத்து நாளில் அதுவும் கசடோடு கசடாக இந்தச் சூளைக்குத்தான் வரும். அக்கா துண்டை எடுத்து நீட்டுகிறாள்.